சுண்டெலியைக் காத்த எதிர்ப்பொருள்: கொசுவழி வைரஸ் ஆய்வுகளை வாசிக்கும் முறை

ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்துவிட்டால் மதுரையில் டெங்குப் பேச்சு தொடங்கிவிடும். மாநகராட்சிப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்ற வருவார்கள். கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போடச் சொல்வார்கள். ஆங்காங்கே நிலவேம்புக் குடிநீர் வழங்கப்படும். அதே வாரங்களில், ஏதோ ஒரு நாட்டின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட புதிய எதிர்ப்பொருள் எலிகளை டெங்குவிலிருந்தோ சிக்குன்குனியாவிலிருந்தோ முழுமையாகக் காத்தது என்ற செய்தியும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். நுண்ணுயிரியல் பாடம் நடத்தும் என்னிடம் மாணவர்கள் கொண்டுவரும் முதல் கேள்வி, “அப்படியானால் மருந்து வந்துவிட்டதா?” என்பதுதான். சனிக்கிழமைப் பிற்பகல்களில் அவர்களோடு அமர்ந்து இத்தகைய கட்டுரைகளை வாசித்துப் பழகியதிலிருந்து, எதை முதலில் பார்க்க வேண்டும், எதில் ஏமாறக்கூடும் என்பதை இங்கே எழுதுகிறேன். முதுகலை மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், நாளிதழ்களில் அறிவியல் செய்தி எழுதுவோர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் ஆன்டிபாடி என்று சொல்லப்படுவதையே எதிர்ப்பொருள் என்கிறேன். செய்திகளில் ‘எலி’ என்று வந்தாலும், பெரும்பாலான சோதனைகளில் பயன்படுபவை இருபது, இருபத்தைந்து கிராம் எடையுள்ள சுண்டெலிகளே. மருந்தளவைக் கணக்கிடும்போது இந்த எடை வேறுபாடு முக்கியமாகும். அடுத்து, எதிர்ப்பொருள் விலங்கின் உடலுக்குள் எப்படி வந்தது என்று பாருங்கள். தடுப்பூசி போடப்பட்ட விலங்கு தானாகவே எதிர்ப்பொருளை உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் அதோடு, தொற்றிய செல்களைத் தாக்கும் டி செல்களும் தூண்டப்படுவதால், அது பிழைத்ததற்கு எதிர்ப்பொருள்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மாறாக, நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தையோ (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்), ஆய்வகத்தில் தயாரித்த ஒற்றை வகை எதிர்ப்பொருளையோ வெளியிலிருந்து ஏற்றி, அதன்பின் வைரஸைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில், அந்தப் பொருள் மட்டுமே போதுமா என்ற கேள்விக்கு நேரடியான விடை கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகக் கருதி வாசிக்கக் கூடாது.

முதலில் சுண்டெலி எது என்று பாருங்கள்

கட்டுரையின் சுருக்கத்தை வாசித்தவுடன் முடிவுகளுக்குத் தாவாமல், ஆய்வு முறைகள் எழுதப்பட்ட பகுதிக்குச் சென்று விலங்கின் பெயரைத் தேடுங்கள். டெங்கு வைரஸ் சாதாரணச் சுண்டெலியில் நன்றாகப் பெருகாது. மனித உடலில், வைரஸ் நுழைந்ததும் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் எழுப்பும் எச்சரிக்கையை செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஸ்டாட்2 என்ற புரதத்தை, வைரஸின் என்எஸ்5 புரதம் சிதைத்துவிடுகிறது. சுண்டெலியின் ஸ்டாட்2 புரதம் அந்தப் பிடியில் சிக்குவதில்லை. ஆகவே ஆய்வாளர்கள், இன்டர்ஃபெரானைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மரபணு வழியாகவே நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஏஜி129 என்ற பெயரைக் கண்டால், ஆல்ஃபா, பீட்டா, காமா ஆகிய எல்லா இன்டர்ஃபெரான்களின் ஏற்பிகளும் இல்லாத விலங்கு என்று பொருள். ஏ129 என்றிருந்தால் ஆல்ஃபா, பீட்டாவுக்குரிய ஏற்பி மட்டும் இல்லை. ஜிகா வைரஸுக்கும் இதே தடை இருப்பதால் இதே வகைச் சுண்டெலிகளே பயன்படுகின்றன. காவல்காரன் இல்லாத வீட்டில் ஒரு பூட்டின் வலிமையைச் சோதிப்பது போன்றது இது: பூட்டைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்ளலாம், காவல்காரனும் பூட்டும் சேர்ந்து எப்படிச் செயல்படும் என்பதை அதிலிருந்து அறிய முடியாது.

சிக்குன்குனியாவின் கதை வேறு. சி57பிஎல்/6 எனப்படும் சாதாரணக் கறுப்புச் சுண்டெலியின் பின்னங்காலில் வைரஸைச் செலுத்தினால் அந்தக் கால் வீங்குகிறது, ஏறத்தாழ ஆறாம், ஏழாம் நாளில் வீக்கம் உச்சத்தை அடைந்து, பிறகு வடிகிறது, விலங்கு சாவதில்லை. 2006-இல் இந்தியாவெங்கும் பரவிய சிக்குன்குனியாவில் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவர்களை நினைவில் வைத்திருப்போருக்கு இந்தச் சோதனை ஏன் பொருத்தமானது என்பது புரியும். ஆய்வகத்தில் ஒருவர் சுண்டெலியின் காலை இரு விரல்களுக்கிடையே நீட்டிப் பிடித்து, பாதத்தின் அகலத்தையும் தடிமனையும் காலிப்பரால் அளந்து, இரண்டையும் பெருக்கி எழுதிக்கொள்கிறார். வரைபடத்தில் நாம் காணும் வளைகோடு அப்படி நாள்தோறும் எடுக்கப்பட்ட அளவுகளிலிருந்து வருவது. ஆகவே இங்கே ‘பாதுகாத்தது’ என்றால் வீக்கம் குறைந்தது என்றே பொருள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மேற்கு நைல் ஆகிய வைரஸ்களோ சாதாரணச் சுண்டெலியையும் கொல்ல வல்லவை. அங்கே ‘பாதுகாத்தது’ என்றால் உயிர் பிழைத்தது என்று பொருள். குரங்குகளில் டெங்கு வைரஸ் இரத்தத்தில் பெருகினாலும் மனிதருக்கு வருவதுபோன்ற நோய் வெளிப்படுவதில்லை. அங்கே அந்தச் சொல் இரத்தத்தில் வைரஸ் தென்படாததையே குறிக்கும். ஒரே சொல் மூன்று பொருளில் வருவதால், பாதுகாப்பு என்று வாசிக்கும்போதெல்லாம் ‘எதிலிருந்து?’ என்று பக்க ஓரத்தில் எழுதிவைக்கும்படி மாணவர்களுக்குச் சொல்வேன்.

தட்டில் எண்ணப்படுவது என்ன

ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் பிஆர்என்டி50 என்ற அளவு, அதாவது வைரஸ் உண்டாக்கும் பொட்டுகளைச் சீரம் பாதியாகக் குறைக்கும் நீர்ப்பு, இடம்பெறும். ஆறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் அடியில் செல்கள் ஒரே அடுக்காக வளர்க்கப்பட்டிருக்கும். அதன்மேல் வைரஸை இட்டு, அது எளிதில் பரவாதபடி கூழ் போன்ற ஊடகத்தால் மூடி, சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஏற்றினால், உயிரோடிருக்கும் செல்கள் ஊதா நிறம் பெறும். ஒவ்வொரு வைரஸ் துகளும் பெருகிச் செல்களை அழித்த இடம் மட்டும் வெளிறிய பொட்டாகத் தெரியும். தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எண்ணிய பொட்டை மறுபடி எண்ணிவிடாதபடி மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். சீரம் சேர்க்காத குழியில் 100 பொட்டுகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்துச் சேர்த்த குழியில் 8 பொட்டுகளும், இருபது மடங்கில் 24-உம், நாற்பது மடங்கில் 50-உம், எண்பது மடங்கில் 81-உம் இருந்தால், பொட்டுகளைப் பாதியாகக் குறைத்த நீர்ப்பு நாற்பது. ஆகவே அந்தச் சீரத்தின் பிஆர்என்டி50 அளவு 40. பிஆர்என்டி90 என்றிருந்தால் நூற்றில் தொண்ணூறு பொட்டுகள் குறைய வேண்டும் என்பதால், அதே சீரத்துக்கு எண் சிறியதாகவே வரும். இவ்விரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு எந்தச் சீரம் மேலானது என்று வாதிடுவதில் பயனில்லை.

எந்தச் செல்லில் எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அது வீரோ செல்லாக இருக்கும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. வைரஸை வளர்த்தெடுக்கப் பயன்படும் சி6/36 என்ற கொசுச் செல்லின் மூலமோ நம் நாட்டைச் சேர்ந்தது: 1967-இல் புணேயில் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து உருவாக்கப்பட்ட செல்வழியின் கிளையே அது. இது வெறும் ஊர்ப்பெருமைக்காகச் சொல்லப்பட்ட செய்தி. ஆனால் வீரோ செல்லைப் பற்றி அறியவேண்டியது ஒன்று உண்டு. எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும் எஃப்சி ஏற்பிகள் அந்தச் செல்லில் இல்லை. டெங்கு வைரஸ் மனித உடலில் பெருகும் மோனோசைட்டு, மேக்ரோஃபேஜ் ஆகிய நோயெதிர்ப்புச் செல்களில் அவை ஏராளமாக உண்டு. வீரோ செல் தட்டில் நல்லவனாகத் தெரியும் ஓர் எதிர்ப்பொருள் அந்தச் செல்களில் வேறு முகம் காட்டக்கூடும்; அதைப் பின்னால் பார்ப்போம்.

தட்டில் கிடைத்த எண் மனிதரைக் காக்கும் என்று நம்பி ஏமாந்த நிகழ்வும் உண்டு. தாய்லாந்தின் ராட்சபுரி மாகாணத்தில் 4,002 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான டெங்குத் தடுப்பூசிச் சோதனையில், டெங்குவின் நான்கு வகைகளுக்கும் எதிர்ப்பொருள் உருவானது. ஆனால் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு 30.2 விழுக்காடாகவே இருந்தது, இரண்டாம் வகைக்கு எதிராகப் பாதுகாப்பே தென்படவில்லை. அதற்கு முன் குரங்குகளில் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை அளிப்பவையாகவே இருந்தன.

இதற்கு நேர்மாறாக, தட்டில் ஒரு பொட்டைக்கூடக் குறைக்காத எதிர்ப்பொருள் விலங்கைக் காத்ததும் உண்டு. டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் வைரஸ்கள் அடங்கிய ஃபிளாவிவைரஸ் குடும்பத்தின் என்எஸ்1 புரதம் வைரஸ் துகளில் இடம்பெறுவதில்லை. அது தொற்றுக்கு ஆளான செல்லின் மேற்பரப்பிலும் இரத்தத்திலும் காணப்படுவது. அதற்கெதிரான எதிர்ப்பொருளால் வைரஸைச் செயலிழக்கச் செய்ய முடியாவிட்டாலும், மஞ்சள் காய்ச்சல், டெங்கு வைரஸ்கள் செலுத்தப்பட்ட சுண்டெலிகளை அது காத்ததை 1980-களிலேயே கண்டறிந்தார்கள். ஆகவே பிஆர்என்டி எண்ணை ஒரு சான்றாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

அளவும் நேரமும்

கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று கட்டுரையில் இருந்தால் உடனே கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கிராம் சுண்டெலிக்கு அது கால் மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 600 மில்லிகிராம். தூய்மையாக்கப்பட்ட எதிர்ப்பொருளில் 600 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றவேண்டிய, விலையுயர்ந்த மருந்தளவு. மழைக்கு முன் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ முகாம் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடக்கூடிய ஒன்றன்று. மேலும், மனித உடலில் ஐஜிஜி எனப்படும், இரத்தத்தில் மிகுதியாக உள்ள வகை எதிர்ப்பொருளின் அளவு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆயுளை நீட்டும் மாற்றங்கள் செய்யப்பட்டவை மட்டுமே அதற்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைவிட, வைரஸைச் செலுத்திய நேரத்தில் விலங்கின் இரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதே மேலான கேள்வி. அதை அளந்து எழுதியிருக்கும் கட்டுரைக்கு என் மதிப்பீட்டில் கூடுதல் இடம் உண்டு. ஏனெனில் அந்த எண்ணை மனிதரின் இரத்தத்தோடு ஒப்பிட முடியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்குப் பிஆர்என்டி50 அளவு 10 இருந்தால் போதும் என்ற வரையறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கு, எதிர்ப்பொருள் ஏற்றப்பட்ட சுண்டெலிகளிடம் செய்யப்பட்ட சோதனைகளும் ஓர் அடிப்படை. சிக்குன்குனியாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. பெருந்தொற்று எங்கே, எப்போது வரும் என்று கணிக்க முடியாததால், ஆயிரக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட்டுக் காத்திருந்து பார்க்கும் சோதனை எளிதன்று. ஆகவே தடுப்பூசி பெற்ற மனிதர்களின் சீரத்தைக் குரங்குகளுக்கு ஏற்றி, வைரஸைச் செலுத்தி, எந்த அளவுக்கு மேல் குரங்கு காக்கப்படுகிறது என்று கண்டு, பிஆர்என்டி50 வகை அளவில் 150 என்ற எல்லையை வகுத்தார்கள். தடுப்பூசி பெற்றவர்களிடம் அந்த எல்லை எட்டப்பட்டதை முதன்மைச் சான்றாகக் கொண்டே இக்ஸ்சிக் என்ற தடுப்பூசிக்கு அமெரிக்கா 2023 நவம்பரில் விரைவு ஒப்புதல் அளித்தது. அதே தடுப்பூசியின் உரிமம் கடுமையான பக்கவிளைவுகளின் காரணமாக 2025 ஆகஸ்டில் அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. பாதுகாக்கும் அளவைக் குரங்கிலிருந்து கற்கலாம். அந்தத் தடுப்பூசியில் இருக்கும் உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸ் முதியோர் உடலில் என்ன செய்யும் என்பதை அந்த எண் காட்டாது.

நேரத்தைப் பற்றிய பிழையை நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பேசும்போது, குறிப்பிட்ட ஓர் எதிர்ப்பொருள் சிக்குன்குனியாவைக் குணப்படுத்துகிறது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தால், நான் மேற்கோள் காட்டிய படத்தில் எதிர்ப்பொருளை வைரஸுக்கு ஒரு நாள் முன்பே ஏற்றியிருந்தார்கள். வைரஸ் வருவதற்கு முன் கொடுப்பது தடுப்பு. வந்தபின் கொடுப்பதே சிகிச்சை. படத்தின் கீழ்க்குறிப்பில் கழித்தல் குறியோடு ‘நாள் -1’ என்றிருப்பதைக் கண் எளிதில் தாண்டிவிடும். அன்று முதல், ஒரு கிடைக்கோடு வரைந்து, வைரஸ் செலுத்திய நாளைச் சுழியமாக வைத்து, எதிர்ப்பொருள் ஏற்றிய நாளை அதில் குறித்த பிறகே மேற்கொண்டு வாசிக்கிறேன். மேற்கு நைல் வைரஸுக்கெதிரான இ16 என்ற எதிர்ப்பொருள் 2005-இல் கவனம் பெற்றதன் காரணம் அந்தக் கோட்டில் தெரியும்: வைரஸ் செலுத்தி ஐந்து நாள் ஆனபின், அதாவது அது மூளையைச் சென்றடைந்த கட்டத்தில் ஏற்றியபோதும், சுண்டெலிகளில் பல பிழைத்தன.

கட்டுப்பாட்டுக் குழுவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வெறும் உப்புக்கரைசல் பெற்ற குழுவைவிட, அதே வகையைச் சேர்ந்த, ஆனால் தொடர்பில்லாத எதிர்ப்பொருளைப் பெற்ற குழுவோடு ஒப்பிடுவதே நேர்மையானது. குழுவுக்கு ஐந்து சுண்டெலிகள் என்றால் ஒன்றின் சாவு 20 விழுக்காடு என்பதை மறக்க வேண்டாம். பிழைப்பு வரைபடத்தில் கீழிறங்கும் ஒவ்வொரு படியும் இயற்கையான சாவைக் குறிப்பதில்லை. குறிப்பிட்ட அளவு எடை குறைந்த விலங்கைத் துன்புறவிடாமல் கருணைக்கொலை செய்துவிடுவதே வழக்கம், அந்த வரம்பும் கட்டுரையில் இருக்க வேண்டும். இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வாக இருந்தால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி குறிப்பிடப்பட்டிருக்கும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன.

வைரஸ் ஊசியால் செலுத்தப்பட்டதா, கொசுக்கடியாலா என்பதையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஊசிதான். கொசுவின் உமிழ்நீர் கடித்த இடத்தில் வைரஸ் வேரூன்றத் துணைபுரிவதால், ஊசியில் வென்ற எதிர்ப்பொருள் கடியில் தடுமாற வாய்ப்புண்டு. வைரஸை விட்டுவிட்டு, உமிழ்நீரிலுள்ள புரதமொன்றுக்கு எதிரான சீரத்தை ஏற்றியே, கொசுக்கடியால் ஜிகா தொற்றிய சுண்டெலிகளை ஓரளவு காக்க முடிந்ததை 2019-இல் வெளியிட்டார்கள்.

குறைந்த அளவில் என்ன ஆனது

டெங்குவைப் பற்றிய கட்டுரையானால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மூடிவைக்காதீர்கள். எதிர்ப்பொருள் போதுமான அளவு வைரஸை மூடிக்கொண்டால் வைரஸ் செயலிழக்கிறது. போதாத அளவில் ஒட்டிக்கொண்டால், அதன் வால் பகுதியை மோனோசைட்டின் எஃப்சி ஏற்பி பற்றி இழுக்க, வைரஸ் தானாக நுழைவதைவிட எளிதாக உள்ளே போய்விடுகிறது. ஏஜி129 சுண்டெலிகளுக்குக் குறைந்த அளவு எதிர்ப்பொருளை ஏற்றியபோது, ஒன்றும் பெறாத சுண்டெலிகளைவிட அவை கடுமையாக நோயுற்றதை 2010-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வால் பகுதியில் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டை அலனினாக மாற்றி ஏற்பி பற்றமுடியாதபடி செய்த எதிர்ப்பொருள் அந்தத் தீங்கைச் செய்யவில்லை. லாலா என்ற சொல்லைக் கட்டுரையில் கண்டால் அது இந்த மாற்றத்தையே குறிக்கிறது.

மனிதரிடம் இதற்கு இணையான சான்று முன்பே இருந்தது. டெங்கு வந்து மீண்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்தவுடன் தாயின் எதிர்ப்பொருளால் காக்கப்படுகிறார்கள். அது வடியும் ஆறு முதல் ஒன்பது மாதப் பருவத்தில், முதல் தொற்றிலேயே கடுமையான டெங்குவுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுகிறது. நிகராகுவா நாட்டுக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்ப்பொருள் அளவு 21 முதல் 80 வரை இருந்தவர்களுக்குக் கடும் டெங்குவின் ஆபத்து மிகுந்திருந்தது. மிக உயர்ந்த அளவு இருந்தவர்கள் காக்கப்பட்டார்கள். (இந்த எண் வேறொரு சோதனை முறையில் எடுக்கப்பட்டது, பிஆர்என்டி எண்ணோடு இதைக் கலக்கக் கூடாது.) அதே ஆண்டு நவம்பரில், முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி ஆபத்தைக் கூட்டுகிறது என்று தயாரித்த நிறுவனமே அறிவித்தது, அதற்குள் பிலிப்பைன்சில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதைப் பெற்றிருந்தார்கள். ஆகவே கட்டுரையில் பல அளவுகள் சோதிக்கப்பட்டுள்ளனவா, மிகக் குறைந்த அளவு பெற்ற குழு எப்படியிருந்தது என்று தேடுங்கள். உச்ச அளவை மட்டும் சோதித்து நூற்றுக்கு நூறு பிழைத்தன என்று எழுதும் டெங்குக் கட்டுரை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

விலங்கின் எதிர்ப்பொருளுக்கு மற்றொரு பொருளும் உண்டு, அது மதுரையோடு தொடர்புடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் இங்கே நிறுவிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள், கடலூர் மாவட்டக் கிராமங்களில் வயல்வெளிக் கொசுக்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடியதோடு, ஆடுகளின் இரத்தத்தில் அந்த வைரஸுக்கெதிரான எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றுகிறதா என்றும் தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே எதிர்ப்பொருள், வைரஸ் சுமந்த கொசு அந்த ஆட்டைக் கடித்திருக்கிறது என்பதற்கான தடயம். ஆடு காக்கப்பட்டதா என்பது கேள்வியே அன்று. ‘விலங்குகளில் எதிர்ப்பொருள் காணப்பட்டது’ என்ற வரியைப் பாதுகாப்புக் கண்டுபிடிப்பாக எழுதிவிடும் செய்தியாளர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்.

நம் வீடுகளிலும் அதே தடுமாற்றம் நிகழ்கிறது. காய்ச்சலுக்காக இரத்தம் கொடுத்து, அறிக்கையில் டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருந்தால், “இனிமேல் நமக்கு டெங்கு வராது” என்று நிம்மதி அடைவோர் பலர். அந்த அறிக்கை, டெங்குவோ அதற்கு நெருங்கிய வைரஸோ முன்பு உடலைத் தொட்டிருக்கிறது என்று சொல்கிறது. நான்கு வகைகளில் எது என்றோ, இப்போதைய அளவு காக்கும் அளவா என்றோ சொல்வதில்லை. அப்படிப்பட்டவருக்கு வேறொரு வகையால் மறுபடி டெங்கு வந்தால் முதல் முறையைவிடக் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், காய்ச்சல் தணியும் நாளிலும் அதையடுத்த இரண்டு நாளிலும் தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.